ரிலே என்று ஏன் பெயர்?

பழைய அம்பாசடருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்ட நினைக்கிறவர் கையில் எப்படியும் ஒரு நாள் அந்தக் கறுப்புப் பெட்டி வந்து சேரும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம். அடியில் நான்கு தகடுகள், அவற்றின் அருகே 30, 85, 86, 87 என்ற எண்கள். மேலே 12 வோல்ட், 30 ஆம்பியர் என்று அச்சு. உதிரிபாகக் கடைக்காரர் அதை ரிலே என்கிறார். ஆட்டோ எலெக்ட்ரீஷியனும் ரிலே என்கிறார். வண்டிக்காரரும் ரிலே என்றே சொல்லிப் பழகிவிடுகிறார். ஏன் ரிலே என்று கேட்டால் பெரும்பாலும் ஓட்டப்பந்தயத்தைக் காட்டுவார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் குச்சி போவதுபோல, சுவிட்சிலிருந்து கரண்டை வாங்கி ஃபேனுக்குக் கொடுக்கிறதாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. ரிலேவுக்குள் எதுவும் கைமாறுவதில்லை. சுவிட்சிலிருந்து வரும் கரண்ட் ஒரு காயிலைச் சுற்றிவிட்டு எர்த்துக்குப் போய்விடுகிறது. ஃபேனுக்குப் போகும் கரண்ட் வேறு. அது பேட்டரியிலிருந்து தனி வயரில் வந்து ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உலோகத் தொடர்பே கிடையாது. ஓட்டப்பந்தயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வயரிங் செய்தவர்கள்தான், ரிலே போட்ட பிறகும் ஃபேன் மந்தமாகச் சுற்றுகிறதே என்று திரும்பி வருகிறார்கள். இந்தப் பெயர் பந்தய மைதானத்தில் பிறந்ததில்லை. பிறந்த இடம் காடு.

பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கலைமான் வேட்டை பிரபுக்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமான வேலை. துரத்தப்படும் மான் மைல் கணக்கில் ஓடும். அது ஓய்வதற்குமுன் நாய்கள் ஓய்ந்துவிடும். ஆகவே மான் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த வழிநெடுக ஆங்காங்கே நாய்க்கூட்டங்களைக் கயிற்றில் பிடித்து நிறுத்தி வைத்தார்கள். வேட்டை அந்த இடத்தைத் தொட்டதும் புதிய கூட்டத்தை அவிழ்த்துவிடுவார்கள். இப்படிக் காத்து நின்ற நாய்க்கூட்டத்துக்குத்தான் ரிலே என்று பெயர். 1370 வாக்கில் சாசர் எழுதிய 'புக் ஆஃப் தி டச்சஸ்' காவியத்தின் வேட்டைக் காட்சியில் இந்தச் சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அதன் மிகப் பழைய தடங்களில் அது ஒன்று.

வேட்டைக்காரர்கள் இதில் மிக நுணுக்கம் பார்த்திருக்கிறார்கள். 1575-இல் ஜார்ஜ் டர்பர்வில் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆங்கில வேட்டை நூல் ஒன்று வந்தது. நிறுத்தி வைத்த நாய்களை எப்போது அவிழ்க்கிறோம் என்பதற்கேற்ப அது மூன்று பெயர்கள் சொல்கிறது. பழைய நாய்கள் வந்து சேருவதற்கு முன்பே அவிழ்த்தால் வான்ட்லே. அவை வந்து சேரும்வரை பிடித்து வைத்திருந்தால் அலே. அவை கடந்து போன பிறகு அவிழ்த்தால்தான் ரிலே. முதல் இரண்டு சொற்களும் வேட்டையோடு மறைந்துபோயின. மூன்றாவது மட்டும் காரின் பானெட்டுக்கடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சொல்லைப் பிரித்தால் இன்னும் துலங்கும். பழைய பிரெஞ்சில் 'லயே' என்றால் விடு, விட்டுவை. முன்னால் 'ரெ' சேர்ந்து 'ரெலயே': களைத்ததை விட்டுவிட்டுப் புதியதை எடு. ஆக, இந்தச் சொல்லின் அடியில் கொடுப்பதும் இல்லை, சுமப்பதும் இல்லை, விடுவதுதான் இருக்கிறது. இந்த 'லயே'யின் வேர் எங்கே என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தளர்த்து என்று பொருள்படும் லத்தீன் 'லக்ஸாரே' என்பார் ஒரு சாரார். பிராங்கியரின் ஜெர்மானியச் சொல் என்பார் இன்னொரு சாரார். லத்தீன் பக்கம்தான் உண்மை என்றால் ரிலாக்ஸும் ரிலீஸும் ரிலேவுக்குச் சொந்தக்காரர்கள். அந்த உறவு உறுதியாகத் தெரியாவிட்டாலும், கூடப்பிறந்த சொல் ஒன்று இருப்பது உறுதி: டிலே. தாமதம் என்ற பொருளில் நாம் அன்றாடம் சொல்லும் அதே டிலே. 'தெ' சேர்ந்தால் டிலே, 'ரெ' சேர்ந்தால் ரிலே. சாவியை எடுத்த பிறகும் சில நிமிடம் ஃபேனை ஓடவிடும் பாகம் ஒன்று கடைகளில் கிடைக்கும். டைம் டிலே ரிலே என்று பெயர். பிரிந்துபோன உடன்பிறப்புகள் அறுநூறு ஆண்டுக்குப் பின் ஒரே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் குடியேறியிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்குள் இதன் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வழக்கே நடந்தது. அவர்கள் கடைசியில் ஓர் 'எஸ்' போட்டு எழுதிவிட்டு, அதை உச்சரிக்காமல் 'ரெலே' என்பார்கள். 1990-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரை, தெலே என்ற சொல்லில் இல்லாத எஸ் இதற்கு மட்டும் எதற்கு என்று அதை எடுத்துவிடச் சொன்னது. தெலே என்பது, கெடு என்ற பொருளில் அங்கே வழங்கும் உறவுச் சொல். பழக்கம் விட்டதா என்ன? இன்றும் எஸ் போட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஜெர்மானியர் அந்த ஊமை எஸ்ஸையும் சேர்த்தே கடன் வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் சொல்லும் 'ரீலே'யைவிட நம் பட்டறை 'ரிலே' பிரெஞ்சு உச்சரிப்புக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

நாயிலிருந்து குதிரைக்குப் போக இந்தச் சொல்லுக்கு நீண்ட பயணம் தேவைப்படவில்லை. நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு நிலையம். அங்கே சேணம் பூட்டிய குதிரைகள் தயாராக நிற்கும். வந்த குதிரையை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிப் போக வேண்டியது. பிரான்சில் அரச தபாலுக்கான இந்த நிலையங்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் பதினொன்றாம் லூயி காலத்தில் வந்தவை. அந்த நிலையத்துக்கும் 'ரெலே' என்றே பெயர் விழுந்தது. இந்தியாவில் இதே ஏற்பாட்டின் பெயர் 'டாக்'. இன்று அது கடிதத்தைக் குறித்தாலும், ஆளும் குதிரையும் இடைவழியில் மாறி மாறிப் போகும் முறைக்கே அந்தப் பெயர் முதலில் வழங்கியது. டாக் பங்களாக்கள் அந்த வழித்தடத்தின் மிச்சம். தெற்கே திருவாங்கூரில் 'அஞ்சல்'. மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அந்த அஞ்சலின் எல்லைக்குள்தான் இருந்தது; 1951-இல்தான் அது இந்தியத் தபால் துறையோடு கலந்தது. அஞ்சல் என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள், மறுபடி தேவைப்படும்.

இங்கே ஒரு நுட்பமான மாறுதல் நடந்துவிட்டது. வேட்டையில் ஒரு நாய்க்கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு எதையும் கொடுக்கவில்லை. துரத்தல் மட்டும் தொடர்ந்தது. தபாலில் ஒரு பொருள் கைமாறுகிறது. 1890-களில் அமெரிக்காவில் ஓட்டப்பந்தயத்துக்கு இந்தப் பெயர் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பென் ரிலேஸ் பந்தயம் 1895-இல் தொடங்கியது. ஒலிம்பிக்கில் 4x100, 4x400 ஓட்டங்கள் 1912 ஸ்டாக்ஹோமில் நுழைந்தன. குச்சி கைக்குக் கை போகும் காட்சியை உலகமே பார்த்தது, ரிலே என்றாலே கைமாற்றம் என்று ஆகிவிட்டது. மின்சார ரிலே இந்தப் பந்தயத்துக்கு மூத்தது. பிறகு வந்த பந்தயத்தை வைத்து அதற்கு விளக்கம் சொல்வது, பேரனைப் பார்த்துத் தாத்தாவுக்குச் சாயல் சொல்வதுதான்.

மின்சாரத்தில் இந்தப் பெயர் தேவைப்பட்ட இடம் தந்தி. வயர் நீள நீளக் கரண்ட் மெலியும். 1825-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் சில நூறு அடி வயரிலேயே இந்த மெலிவைக் கண்டு, மின்சாரத் தந்தி நடவாத காரியம் என்று முடிவு கட்டிவிட்டார். மெலிந்த கரண்டைப் பெருக்குவதற்கு அன்று வழி இல்லை. அப்படியானால் தூரத்தில் இருக்கும் கனமான காந்தத்தை எப்படி இயக்குவது?

விடை அமெரிக்காவின் ஜோசப் ஹென்றியிடம் இருந்தது. 1831-இல் ஆல்பனியில் ஒரு மைல் நீள வயரின் மறுமுனையில் மணி அடித்துக் காட்டியவர் அவர். பிரின்ஸ்டனுக்குப் போன பிறகு, 1835 வாக்கில், மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை செய்து காட்டுவார். நூற்றுக்கணக்கான பவுண்டு எடையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பெரிய மின்காந்தம் ஒன்று, தன் சொந்த பேட்டரியோடு தனிச் சுற்றில் இருக்கும். தூரத்திலிருந்து நீண்ட வயரில் வரும் சிறு கரண்ட் ஒரு சின்னக் காந்தத்தை அசைக்கும்; அந்த அசைவு பெரிய சுற்றைத் துண்டிக்கும்; எடை தடாலென்று விழும். சிறிய கரண்ட் பெரிதாகவில்லை. பெரிய கரண்ட் அங்கேயே காத்திருந்தது. சிறியது வந்து அதன் கதவைத் தொட்டது, அவ்வளவே. ஹென்றி இதற்குக் காப்புரிமை கேட்கவும் இல்லை, கடைகளில் ஏறும்படி ஒரு பெயர் வைக்கவும் இல்லை.

இதே காலத்தில் லண்டனில் எட்வர்ட் டேவி என்ற மருந்துக்கடைக்காரர் தனியாக இதே கருத்தை எட்டினார். அவருடைய கருவியில் காயிலுக்குள் கரண்ட் வந்தால் காந்த ஊசி திரும்பி, பாதரசத்தில் முனையைத் தோய்க்கும்; அடுத்த சுற்று உயிர்பெறும். அவர் அதற்கு 'ரெனியூவர்' என்று பெயர் வைத்தார், அதாவது புதுப்பிப்பான். 1838-இல் தம் தந்திக்குக் காப்புரிமை பெற்றவர், மறு ஆண்டே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். பெயரும் அவரோடு போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை. புதுப்பிப்பான் என்ற பெயர் பழைய கரண்டுக்கே தெம்பு ஊட்டப்படுகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கும். உள்ளே நடப்பது அதுவல்லவே.

1844 மே 24-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே, சுமார் 40 மைல், மோர்ஸ் தந்தி பேசியது. நீண்ட வயரில் வரும் மெலிந்த கரண்டை வாங்கி உள்ளூர்ச் சுற்றைத் திறந்து மூடும் காந்தத்தை அவருடைய ஆட்கள் 'ரிசீவிங் மேக்னட்' என்றார்கள். தந்தி நிலையங்கள் பெருகி, செய்தி ஊர் ஊராகத் தாண்டிப் போகத் தொடங்கியபோதுதான் குதிரை மாற்றும் நிலையங்களின் நினைவு வந்தது. 1860 வாக்கில் ஆங்கில எழுத்தில் இந்தப் பொருளில் ரிலே பதிவாகிவிட்டது. யார் முதலில் சூட்டிய பெயராக இருந்தாலும் சொல்லின் அடிப்பொருளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. களைத்தது அங்கேயே நிற்க, காத்திருந்தது கிளம்புகிறது.

கார்களில் ரிலே நுழைந்தது ரிலே என்ற பெயரோடு அல்ல. டைனமோ வைத்த வண்டிகளில் ஒரு சிறு பெட்டி இருக்கும். டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டினால் இரண்டையும் இணைக்கும். எஞ்சின் வேகம் குறைந்து கரண்ட் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பி ஓடப் பார்த்தால் அறுத்துவிடும். காயில், ஆர்மேச்சர், பாயிண்ட் எல்லாம் உள்ள அசல் ரிலேதான் அது. ஆனால் அறுக்கும் வேலையை வைத்து ஆங்கிலத்தில் கட்-அவுட் என்றார்கள். நம் மெக்கானிக்குகள் பக்கத்திலேயே இருக்கும் ரெகுலேட்டரையும் சேர்த்து முழுப் பெட்டியையே கட்-அவுட் ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் கட்-அவுட் என்றால் அறுபதடி உயரத்தில் நடிகர் நிற்பார் என்று நினைக்கும் தலைமுறைக்கு, அந்தப் பெட்டி சார்ஜ் ஆகாமல் பழிவாங்கிய காலம் தெரியாது. ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் இன்னொரு பெரிய ரிலேவுக்கு சோலனாய்டு என்ற பெயர் நிலைத்தது. குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1820-களில் ஆம்பியர் உருவாக்கிய சொல் அது. ஹார்னுக்கு வந்தபோதுதான் ரிலே என்ற பெயர் காரில் சரளமாகப் புழங்கத் தொடங்கியது.

அம்பாசடரின் மின்சாரம் லூகாஸ் மரபு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் தயாரான வண்டி. சென்னை பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ், இந்த பிரிட்டிஷ் மரபின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றையும் நம் ஊர்ச் சொத்தாக்கிவிட்டது. லூகாஸின் பழைய ரிலேக்களில் எண் கிடையாது, எழுத்துதான்: டபிள்யூ1, டபிள்யூ2, சி1, சி2. டபிள்யூ என்றால் வைண்டிங், அதாவது காயில்; சி என்றால் கான்டாக்ட், பட்டறைத் தமிழில் பாயிண்ட். படித்தாலே புரியும் பெயர்கள்.

இன்று கடையில் கிடைப்பது ஜெர்மன் மரபு. டின் 72552 என்னும் ஜெர்மன் தரம், வண்டியின் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டது. இக்னிஷன் காயிலின் லோ டென்ஷன் முனை 1, ஹை டென்ஷன் 4. சாவி போட்டால் வரும் கரண்ட் 15. பேட்டரியிலிருந்து நேராக வருவது 30. எர்த் 31. ஸ்டார்ட்டருக்கு 50. வைப்பர் 53-இல் தொடங்கும், ஹெட்லைட் 56. இந்த நீண்ட வரிசையில் ரிலே காயிலின் இரு முனைகளுக்கும் 85, 86 வாய்த்தன. வெளியே போகும் முனைக்கு 87. ரிலே ஓய்ந்திருக்கும்போது இணைந்திருக்கும் முனைக்கு 87ஏ. நான்கு தகடுள்ள பெட்டியில் 1, 2, 3, 4 என்று இல்லாமல் 30-க்கு அடுத்து 85 ஏன் என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் காரணம். அவை பெட்டியின் எண்கள் அல்ல, வண்டியின் எண்கள். ஜெர்மனியில் மெக்கானிக்குகள் 'முனை 15' என்றே பேசுவார்கள். நம் பட்டறைகளிலும் "எண்பத்தேழுல சப்ளை வருதா பாரு தம்பி" என்பது சாதாரணப் பேச்சு. டெஸ்ட் லைட்டைப் பிடித்திருக்கும் பையனுக்கு டின் என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இனி ஃபேனுக்கு வருவோம். பழைய அம்பாசடரில் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்தே சுற்றும். எஞ்சின் ஓடினால் ஓடும், மெதுவானால் மெதுவாகும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும், அங்கே ஃபேன் வீணாகச் சுற்றும். சிக்னலில் நிற்கும்போது காற்று வேண்டும், அங்கே சோம்பும். ரேடியேட்டரில் எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் இந்தக் கோளாறு தீரும். புதிய கோளாறு கரண்டில் வரும். இத்தகைய ஃபேன் ஓடும்போது 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சாகத் தரக்கூடியதே 22 ஆம்பியர். இரவில் 45 வாட் ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் 7.5 ஆம்பியர் அதிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் ஃபேன் மட்டும் மாற்றுகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

ரிலே இல்லாமல் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே ஃபேனுக்குக் கரண்ட் கொடுத்த வண்டிகளும் உண்டு. பேட்டரியிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து ஃப்யூஸ் பெட்டிக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, மறுபடி முன்னால் ரேடியேட்டருக்கு. இந்த நீண்ட வழியில் வயர், இணைப்பு, தேய்ந்த பாயிண்ட் எல்லாம் சேர்த்து 0.15 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 12 ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கரைந்தது எங்கும் போகவில்லை. இருபது வாட்டுக்கு மேல் சூடாக மாறி வயரிலும் சாவி சுவிட்சிலும் உட்காரும். ஐம்பது வருட வயரின் உறை அதைத் தாங்காது. ஃபேனுக்குக் கிடைப்பது 10 வோல்ட் சொச்சம். பார்லோ 1825-இல் கண்ட அதே மெலிவுதான், ஆனால் இப்போது வண்டிக்குள்.

ரிலேவின் காயிலுக்குத் தேவை 0.15 ஆம்பியர் அளவில்தான். இந்தச் சொற்பக் கரண்டுக்குப் பழைய வயரும் பழைய சுவிட்சும் தாராளம். 86-இல் சாவி போட்டால் வரும், ஃப்யூஸ் தாண்டிய கரண்ட். 85-ஐ ரேடியேட்டரில் பொருத்திய தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த் செய்ய வேண்டும். தண்ணீர் சூடானால் சுவிட்ச் மூடும், காயில் இழுக்கும், 'டிக்' என்று சத்தம் கேட்கும். பல தெர்மோ சுவிட்சுகளின் பித்தளையில் 92-87 என்று பொறித்திருக்கும். 92 டிகிரியில் மூடும், 87-இல் திறக்கும் என்று பொருள். இந்த 87-க்கும் ரிலேவின் 87-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டையும் இணைக்க வேண்டும் போலிருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிரிப்பதற்கில்லை, எண்களைப் பெயராக்கினால் இப்படித்தான் ஆகும். லூகாஸின் டபிள்யூவும் சியும் இந்த வம்பைத் தராது.

மிச்சம் 30-உம் 87-உம். சொல்லின் வரலாறு கைகொடுப்பது இங்கேதான். 30-க்கு வர வேண்டியது களைக்காத கரண்ட்: பேட்டரி முனையிலிருந்தோ ஸ்டார்ட்டர் சோலனாய்டின் பேட்டரிப் பக்க முனையிலிருந்தோ, 4 சதுர மில்லிமீட்டர் வயரில், முடிந்தவரை குறுக்கு வழியில். முன்கூட்டியே காத்திருக்கும் நாய்க்கூட்டம் அதுதான். ரிலேவையும் ரேடியேட்டர் பக்கத்திலேயே, ஆனால் தண்ணீர் தெறிக்காத இடத்தில், தகடுகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். டேஷ்போர்டு அடியில் ரிலேவை வைத்து, 30-க்கும் 86-க்கும் ஒரே இக்னிஷன் வயரிலிருந்தே கரண்ட் எடுத்த வண்டிகள் ஏராளம். ரிலே 'டிக்' என்று அடிக்கும், ஃபேன் சுற்றும், பார்க்க எல்லாம் சரி. ஆனால் ஃபேனின் 12 ஆம்பியரும் பழைய வழியிலேயே வருகிறது. கிளம்பிய நாய்களையே கடைசிவரை ஓடவிட்டுவிட்டு நடுவழியில் ஒருவர் கொடி அசைத்ததுபோல. ரிலே என்ற பெயருக்கு அங்கே வேலையே இல்லை.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஃபேனுக்குப் பக்கத்தில் அல்ல. அது காப்பது வயரை. வயர் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே காவல் தேவை. 87-இலிருந்து ஃபேனின் பாசிட்டிவுக்கு அதே கனத்தில் வயர். ஃபேனின் எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடியில் லக் வைத்து இறுக்க வேண்டும். துருப்பிடித்த ஒரு போல்ட் போதும், மிச்சப்படுத்திய வோல்டேஜை எல்லாம் விழுங்கிவிடும்.

நான்கு கால் ரிலே கேட்டால் கடையில் ஐந்து கால் கொடுத்துவிடுவதும் உண்டு. நடுவில் இருக்கும் ஐந்தாவது தகடு 87ஏ. அதில் ஃபேன் வயரைச் செருகிவிட்டால் வண்டி சூடாகும்போது ஃபேன் நிற்கும், வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் ஓடும். காலையில் பேட்டரி கட்டையாகக் கிடக்கும். பொருள் கெட்டுவிட்டது என்று ரிலேவை மாற்றி, மறுபடி அதே தகட்டில் செருகி, மறுநாளும் பேட்டரி இறங்கிய ஒரு வண்டியைத் தெரியும். அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம்.

பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பல அப்படித்தான். வெறும் காயிலுக்குக் கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான். ஃபேன் மோட்டாருக்கு அப்படியில்லை. திசை மாறினால் தலைகீழாகச் சுற்றிக் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். சில ரிலேக்களுக்குள் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு இருக்கும்; அதற்கு 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்பது கட்டாயம். மாற்றிக் கொடுத்தால் டையோடு கருகும், கூடவே ஃப்யூஸும் போகும்.

அந்த டையோடு எதற்கு? காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று துண்டித்தால் காயில் எதிர்த்து உதைக்கும். 12 வோல்ட் காயில் நூறு வோல்ட்டுக்கு மேல்கூட ஒரு கணம் துள்ளும். பழைய வண்டிக்கு அது பொருட்டல்ல; எலெக்ட்ரானிக் இக்னிஷனோ நல்ல ரேடியோவோ வைத்த வண்டிக்குப் பொருட்டு. தன் தூண்டல் எனப்படும் இந்த உதையைக் கண்டு 1832-இல் எழுதியவரும் ஜோசப் ஹென்றியேதான். 1893-இல் சிகாகோ மின்னியல் மாநாடு தூண்டலின் அலகுக்கு அவர் பெயரையே வைத்தது. ரிலேவுக்குப் பெயர் வைக்காத மனிதரின் பெயர், ரிலேவின் உதையை அளக்கும் அலகாக அதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன வழி என்று பார்த்தால், அஞ்சல் மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. வானொலி வந்தபோது ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை வாங்கி இன்னொரு நிலையம் தன் சொந்த சக்தியில் பரப்பியதை 'அஞ்சல்' என்றார்கள். தில்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைத் திருச்சி அஞ்சல் செய்தது. இலங்கைப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளில் இன்றும் அஞ்சலோட்டம்தான். தமிழ்நாட்டில் அது தொடர் ஓட்டம். ஓடி வந்த ஆளை விட்டுவிட்டுப் புதிய ஆள் ஓடும் அதே பழைய ஏற்பாட்டிலிருந்து தமிழும் பிரெஞ்சும் தனித்தனியே ஒலிபரப்புக்கும் ஓட்டத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மின்கருவிக்கு மட்டும் தமிழ் அந்தப் பாலத்தைப் போடவில்லை. கலைச்சொல் பட்டியல்களில் 'உணர்த்தி' என்று ஒன்று உண்டு. துணைமின் நிலையத்துக்கு அது பொருந்தும்; அங்கே ரிலே கோளாறை உணர்ந்து பிரேக்கருக்கு உணர்த்துகிறது. ரேடியேட்டரில் சூட்டை உணர்வது தெர்மோ சுவிட்ச். ரிலே எதையும் உணர்வதில்லை, கதவைத் திறந்து விடுகிறது. தமிழில் சொல்லியே தீர வேண்டுமென்றால் நான் அஞ்சல் பக்கம்தான் நிற்பேன். ஆனால் உதிரிபாகக் கடையில் போய் '12 வோல்ட் அஞ்சல் ஒன்று' என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. கடைக்காரர் பக்கத்துத் தெருத் தபால் நிலையத்துக்கு வழி சொல்லிவிடுவார்.

துணைமின் நிலையத்தில் "ரிலே ஆபரேட் ஆயிடுச்சு" என்று சொல்லும்போது அவர்கள் குறிப்பது பெரும்பாலும் காயிலும் பாயிண்டும் உள்ள கருவியை அல்ல. அது இப்போது திரையும் பட்டனும் உள்ள கணினி. புதிய கார்களில் ஃபேனின் வேகத்தை ஏற்றி இறக்குவது அசையும் பாகமே இல்லாத குறைகடத்தி மாட்யூல். இருந்தும் ஓவர்ஹீட் ஆகி ஓரம் கட்டிய புதுக் காரின் பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை: "ஃபேன் ரிலே எங்க சார் இருக்கு?"